இருட்டு அரங்கில் குத்துச்சண்டைப் படம்: காசை எங்கே போடுவது?

கேள்வி இதுதான். அண்ணன் மகள் மாவட்ட அளவில் குத்துச்சண்டை போடுகிறாள். போட்டிகள் சென்னையில் ஏதாவது ஒரு உள்ளரங்கில் நடக்கும். கையில் இருப்பது கேனான் 1500டி கேமரா, அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். படங்கள் எல்லாம் மங்கல், கை இருக்கும் இடத்தில் பஞ்சுப்பொதி, முகம் இருட்டு. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. புது கேமரா வாங்கலாமா, அல்லது கடைக்காரர் சொல்கிறபடி 55-250 ஜூம் லென்ஸ் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். கடைக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் 55-250 பகலில் மைதானத்துக்கு உரிய லென்ஸ். அதை இந்த அரங்குக்குள் கொண்டுபோனால், இப்போது வருகிற அதே மங்கல் படம் இன்னும் கிட்டத்தில் வரும்.

நீங்கள் அனுப்பிய படங்களின் விவரத்தைப் பார்த்தேன். பெரும்பாலானவை 1/60 விநாடி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200. முதலாவது ஷட்டர் திறந்திருந்த நேரம். எஃப் எண் லென்ஸின் வாய், அதாவது அபெர்ச்சர், எவ்வளவு திறந்திருக்கிறது என்பது, எண் குறையக் குறைய வாய் அகலம். ஐஎஸ்ஓ, கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. ஆட்டோவில் எடுத்திருக்கிறீர்கள், கேமரா தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. அந்த மூன்று எண்களிலேயே அரங்கின் வெளிச்சம் எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. எதை வாங்குவது என்பதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் குத்தின் வேகம். தேர்ந்த வீரர் ஒருவரின் கை விநாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் போகும். ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் கையுறை 15 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது, ஏறக்குறைய முக்கால் சாண். படத்தில் பஞ்சுப்பொதியாகத் தெரிவது அந்த முக்கால் சாண்தான். அதே குத்தை 1/500-இல் எடுத்தால் நகர்வு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு விரற்கடை. 1/1000 என்றால் அதிலும் பாதி. என் அனுபவத்தில் 1/500-க்குக் கீழே இறங்கினால் பத்துப் படத்துக்கு எட்டு குப்பைக்குப் போகும். 1/640, 1/800 கிடைத்தால் மகிழ்ச்சி. கையுறை நுனியில் கொஞ்சம் அசைவு தெரிந்தால் பரவாயில்லை, முகம் உறைந்து நின்றால் போதும். எல்லாமே கல்லாய் உறைந்த படத்தில் குத்து விழுந்ததா, தொட்டுவிட்டு நிற்கிறார்களா என்று தெரியாமல் போவதும் உண்டு.

இப்போது உங்கள் அரங்கின் கணக்கைப் போடலாம். எஃப் 5.6-ஐ வைத்துக்கொண்டு 1/60-இலிருந்து 1/500-க்குப் போக வேண்டுமானால் ஐஎஸ்ஓ 26,000-க்கு மேல் வேண்டும். 1500டி-யின் சாதாரண எல்லை 6400. வலிந்து திறந்தால் 12,800. ஆக, இந்த லென்ஸைக் கொண்டு இந்த அரங்கில் அந்தப் படம் எடுக்கவே முடியாது. உங்கள் கைத்திறனில் குறை எதுவும் இல்லை. எஃப் 4 லென்ஸ் போட்டால் 13,000-ஐ ஒட்டி வரும், அதுவும் எட்டாது. எஃப் 2.8 என்றால் 6400-ஐக் கொஞ்சம் தாண்டும், கேமராவின் விளிம்பில் நிற்கும். எஃப் 1.8 என்றால்? 2800-க்குள் முடிந்துவிடுகிறது. இப்போது நீங்கள் பயன்படுத்துகிற அதே 3200-ஐ வைத்துக்கொண்டே 1/500-ஐத் தாண்டலாம். கேமராவை மாற்றாமல், லென்ஸின் வாயை மட்டும் அகலமாக்கியதால் வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

அதனால் என் பதில்: 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. மில்லிமீட்டர் எண் கூடக் கூட ஆள் கிட்டத்தில் தெரிவார். இரண்டும் ஜூம் ஆகாதவை. முதலாவது புதிதாகவே 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். இரண்டாவதைப் பழையதாகத் தேடினால் உங்கள் தொகையில் நல்ல மிச்சம் நிற்கும்.

“ஜூம் இல்லாமல் எப்படி?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டவன்தான். ஆனால் பாக்சிங் கால்பந்து மாதிரி நூறு மீட்டர் ஓடுகிற விளையாட்டு கிடையாது. கயிற்றுக்குள் இருக்கும் பரப்பு ஒரு பக்கம் 6.1 மீட்டர், அதாவது இருபது அடி. இரண்டு பேரும் அதற்குள்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ரிங் ஓரத்தில் நின்றால் நடுப்பகுதி உங்களிடமிருந்து நான்கு மீட்டர் தூரம். 1500டி-யில் 50 லென்ஸை மாட்டினால், நான்கு மீட்டரில் கிடைமட்டமாக 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் சட்டத்துக்குள் வரும். இரண்டு பேரின் இடுப்புக்கு மேல் அப்படியே அடங்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒருவரின் முழு உருவம். எதிர்க் கயிறு பக்கம் போனார்கள் என்றால் இருவரும் தலை முதல் கால் வரை தெரிவார்கள். உங்கள் மூக்குக்கு நேரே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டால் மட்டும்தான் சிக்கல். அப்போது ஒரு முகத்தை எடுங்கள், அல்லது சும்மா இருங்கள்.

பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்களா? அதற்குத்தான் 85. பத்து மீட்டரில் அது 2.6 மீட்டர் அகலத்தையும் 1.75 மீட்டர் உயரத்தையும் பிடிக்கும். இரண்டு பேர் தலை முதல் கால் வரை. இருபது மீட்டருக்குத் தள்ளிவிட்டால் அந்த அளவு இரட்டிப்பாகி, ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். அப்போதும் நடுவிலிருந்து நான்கில் ஒரு பங்கை வெட்டி எடுத்தால் ஆறு மெகாபிக்சல் மிஞ்சும். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்ட அது தாராளம்.

இந்த இரண்டு லென்ஸும் குறை இல்லாதவை என்று சொல்ல மாட்டேன். 50-ஐ முழுதாக எஃப் 1.8-க்குத் திறந்தால் படம் கொஞ்சம் வெண்ணெய் போல இளகியிருக்கும். எஃப் 2-க்கு வைத்தால் இறுகும். அதன் ஃபோகஸ் மோட்டார் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை, இருட்டில் முன்னும் பின்னும் தேடும். 85, 1992-இல் வந்த கிழவர். ஆனால் ஃபோகஸ் வேகத்தில் இன்றைக்கும் இளைஞர். வெள்ளை பனியன், விளக்கு போன்ற பளிச்சென்ற விளிம்புகளில் ஊதா நிறக் கோடு ஒன்று விழும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அதுவும் போய்விடும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு காரியம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம். கைபேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ பனி படர்ந்தது போலவோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தோல்பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டிவைத்த என் முதல் 85 ஒரே மழைக்காலத்தில் பூத்துப்போனது.

புது கேமரா ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் “ஃபுல் ஃப்ரேம் போ, இருட்டுக்கு அதுதான்” என்பார்கள். அது பொய்யில்லை. சென்சார் என்பது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு. 1500டி-யின் சென்சாரைவிட ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு இரண்டரை மடங்கு. ஒரே அபெர்ச்சரில் அது அந்த அளவுக்கு அதிக வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.8 ஜூம் மாட்டி எடுக்கும் படமும், உங்கள் 1500டி-யில் எஃப் 1.8 மாட்டி எடுக்கும் படமும் சேர்க்கிற மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே. 2.8-க்கும் 1.8-க்கும் உள்ள இடைவெளி சென்சார் பரப்பு தருகிற அனுகூலத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. இலட்சக்கணக்கில் போடும் ஜோடியும் பத்தாயிரத்து லென்ஸும் நாய்ஸ், அதாவது இருட்டுப் படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சல், விஷயத்தில் ஒரே தட்டில் நிற்கின்றன. ஃபோகஸ் வேகம், ஜூம் வசதி, விநாடிக்கு எத்தனை படம் என்பதில்தான் பெரிய ஜோடி முந்தும். காசு இருக்கிறவர்கள் அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 60,000 வைத்திருக்கிறவர் அந்த வரிசையில் பாதி வழியில் நின்றுவிட வேண்டாம் என்பதே என் கவலை. லென்ஸ் இல்லாமல் புது கேமரா பாடி மட்டும் வாங்கி அதில் பழைய எஃப் 5.6 லென்ஸை மாட்டிக்கொண்டு வந்த பலரைப் பார்த்துவிட்டேன்.

பின்னொரு நாள் கேமராவை மாற்றுவதானால், கேனான் ஆர்10 போன்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) ஒன்றைப் பாருங்கள். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே விநாடிக்கு 15 படம், ஆளைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ். இப்போது வாங்கும் இந்த இரண்டு லென்ஸும் ஒரு அடாப்டர் போட்டால் அதிலும் வேலை செய்யும். லென்ஸில் போட்ட காசு வீணாகாது.

1500டி-யின் உண்மையான பலவீனம் நாய்ஸில் இல்லை, ஃபோகஸில் இருக்கிறது. ஒன்பது புள்ளிகள், அவற்றில் நடுப்புள்ளி ஒன்று மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கக்கூடியது. இருட்டில் மற்ற எட்டையும் மறந்துவிடுங்கள். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோவில் போட்டு, தலைக்கவசத்தின் நெற்றிப்பட்டை அல்லது பனியனில் இருக்கும் எழுத்து போன்ற அழுத்தமான விளிம்பில் குறிவையுங்கள். வெறும் சிவப்பு பனியனிலோ கையுறையின் வழுவழுப்பிலோ குறிவைத்தால் கேமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கக் கட்டைவிரல் பட்டனுக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. நடுவர் குறுக்கே வரும்போது விரலை எடுத்துவிட்டால் ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும். இல்லாவிட்டால் நடுவரின் வெள்ளைச் சட்டை முதுகு கூர்மையாக, பின்னால் உங்கள் பெண் மங்கலாக வருவாள். என்னிடம் அப்படி நடுவர் முதுகுகள் ஒரு தொகுப்பே இருக்கிறது.

எஃப் 1.8-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் மிகச் சிறியது என்பதையும் மனத்தில் வையுங்கள். 50 லென்ஸில் நான்கு மீட்டரில் சுமார் 45 சென்டிமீட்டர். 85-இல் எட்டு மீட்டரில் சுமார் 60. ஒரு கை நீளம்கூட இல்லை. இருவரும் உங்களுக்குப் பக்கவாட்டில் நின்றால் இரண்டு முகமும் ஒரே தளத்தில் விழும், இரண்டும் கூர்மை. ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். குத்து வாங்குகிறவரின் முகத்தைத் தேர்ந்தெடுங்கள், கதை அங்கேதான் நடக்கிறது.

விநாடிக்கு மூன்று படம் என்பது பலரை வருத்துகிறது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பவர்களுக்குத்தான் அது வருத்தம். இரண்டு படத்துக்கு நடுவே விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஓடுகிறது. ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகக் குத்து) புறப்பட்டு, பட்டு, திரும்பி வந்துவிடவே அது போதும். ஆக, தொடர்ச்சியாக அழுத்தினால் குத்துக்கு முன் ஒரு படம், குத்துக்குப் பின் ஒரு படம் வரும், குத்து மட்டும் வராது. ஒவ்வொன்றாக, நேரம் பார்த்து அடியுங்கள். குத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் அது முடிந்துபோயிருக்கும். தோள் அசைவதை, பின்கால் குதி எழும்புவதைப் பார்த்து அழுத்த வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, பயிற்சிக்கூடத்துக்கு நான்கு மாலை போனால் போதும். உங்கள் அண்ணன் மகள் எந்தக் கூட்டுக் குத்தை அதிகம் போடுகிறாள் என்பது உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். அந்த அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி இடம். இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965 மே 25 அன்று அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறிய ஊரில் முகமது அலி சன்னி லிஸ்டனை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். கீழே கிடக்கும் லிஸ்டனைப் பார்த்து அலி கையை மடக்கிக்கொண்டு கத்தும் வண்ணப் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அதை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. ரோலிஃபிளெக்ஸ் கேமரா, ரிங்குக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட ஃபிளாஷ் விளக்குகள். ஒரு முறை மின்னினால் மறுபடி ஏற நேரம் பிடிக்கும் விளக்குகள் அவை, ஆகவே ஒரே ஒரு வாய்ப்பு. அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புகைப்படக்காரர் தெரிகிறார். ஹெர்ப் ஷார்ஃப்மன், அவரும் தேர்ந்தவர், அனுபவத்தில் மூத்தவர். அவர் கண்ணுக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அன்று அவரைத் தோற்கடித்தது நாற்காலி.

நமக்கு நாற்காலியைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. வலக்கைக்காரர் இடது காலை முன்வைத்து நிற்பார், அவர் மார்பு அவருடைய வலப்பக்கம் திறந்திருக்கும். இரண்டு வலக்கைக்காரர்கள் மோதினால், எந்தப் பக்கம் நின்றாலும் ஒருவரின் மார்பும் மற்றவரின் முதுகும்தான் தெரியும். உங்கள் பெண்ணின் வலப்பக்கமாக நீங்கள் இருக்கும் நேரத்தில் அவளுடைய வலக்கைக் குத்து மறைப்பு இல்லாமல் கிடைக்கும். அவர்கள் சுழன்றால் வாய்ப்பு கைமாறும், அது திரும்பி வரும்வரை காத்திருங்கள். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் உங்களுக்கு யோகம். இருவரின் மார்பும் ஒரே பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் நீங்கள் இருக்கும் சில விநாடிகளில் இரண்டு முகமும் இரண்டு கையும் ஒன்றாகக் கிடைக்கும். ஆட்டம் தொடங்கி முதல் நிமிடத்தில் யார் எந்தக் கால் முன்வைக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்பதற்கு நல்லது சிவப்பு, நீலம் இரண்டும் இல்லாத நடுநிலை மூலைகளின் பக்கம். வண்ண மூலைகளில் பயிற்சியாளர்கள் வாளியும் துண்டுமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கங்களில் நீதிபதிகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் பார்வையை மறைத்தால் எழுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. காலையிலேயே போய் ஏற்பாட்டாளரைப் பார்த்து, “என் அண்ணன் மகள் ஆடுகிறாள், இந்த மூலையில் உட்கார்ந்து எடுக்கலாமா, மற்ற பிள்ளைகளின் படமும் தருகிறேன்” என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். படம் தருகிறேன் என்ற வார்த்தைக்கு உள்ள மதிப்பு எந்த அடையாள அட்டைக்கும் இல்லை. சொன்னபடி கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரிங்கின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். தரையில் நின்று, அதன் விளிம்பில் முழங்கையை ஊன்றி, கயிறுகளுக்கு நடுவே லென்ஸை விடுங்கள். கயிற்றுக்கு வெளியே தள்ளி நின்றால் கேமரா கயிற்றைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் லென்ஸை உள்ளே நீட்டிக்கொண்டிருக்காதீர்கள், ஆட்டக்காரர்கள் கயிற்றில் வந்து சாய்வார்கள். தாழ்ந்த கோணத்துக்கு இன்னொரு பயன் உண்டு. உள்ளரங்க விளக்குகள் உச்சியில் இருப்பதால் கண்குழிகள் இருண்டு கிடக்கும். பெண்களும் சிறுவர்களும் அணியும் தலைக்கவசத்தின் விளிம்பு அந்த நிழலை இன்னும் கூட்டும். கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் கண்கள் தெரியும். பயிற்சியாளர் “தாடையைக் கீழே” என்று கத்திக்கொண்டே இருப்பதால் இந்தக் கீழ்க்கோணம் இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது உச்சந்தலை மட்டுமே.

குஸ்தி, ஜூடோ என்றால் தரை விரிப்புக்கு மேல் உயரம் இல்லை, அதனால் வயிற்றில் படுத்துக்கொண்டே எடுக்க வேண்டியிருக்கும். ஜூடோவின் வெள்ளை உடை கேமராவின் அளவுமானியை ஏமாற்றி முகத்தை இருட்டாக்கும். கம்பிக்கூண்டுச் சண்டையில் லென்ஸைக் கம்பியோடு ஒட்டிவைத்து அபெர்ச்சரை முழுதாகத் திறந்தால் வலை கரைந்து காணாமல் போகும். எஃப் 5.6-இல் அது கரையாது, சாம்பல் நிறத் திரையாக நிற்கும். அங்கேயும் எஃப் 1.8-தான்.

ஃபிளாஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போட்டிகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை. இருந்தாலும் குத்து பாயும் நேரத்தில் ஒரு பிள்ளையின் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பது முறையில்லை. கேமராவில் தானாக எழும்பும் குட்டி ஃபிளாஷையும் அணைத்துவிட்டுப் போங்கள். ஆட்டோவில் வைத்திருந்தால் அது உங்களைக் கேட்காமலே எழும்பும்.

விளக்கின் துடிப்பு என்ற தொல்லை ஒன்று உண்டு. அது தெரியாமல் கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் பழைய மெட்டல் ஹேலைடு விளக்கும் மலிவான எல்இடி-யும் அதனால் விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/500-இல் நீங்கள் அந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுக்கிறீர்கள். அது மேட்டிலா பள்ளத்திலா என்பது அதிர்ஷ்டம். அதனால்தான் ஒரு படம் பளிச்சென்றும், அடுத்த படம் மஞ்சள் பூத்து இருண்டும், இன்னொன்றில் பாதி மட்டும் கறுத்தும் வருகிறது. விளக்கு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்தது. ஆர்10-இலும் இருக்கிறது, உங்கள் 1500டி-யில் இல்லை. உங்களுக்கு உள்ள வழி, சில படங்கள் இப்படிப் போகும் என்று ஏற்றுக்கொண்டு கூடுதலாக எடுப்பதும், ராவில் (கேமரா மாற்றம் செய்யாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்து நிறத்தைப் பின்னர் சரிசெய்வதும்தான். சுற்று இடைவெளியில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது 1/100-க்கு இறங்கிவிடுங்கள். ஒரு முழுத் துடிப்பும் அதில் அடங்கிவிடும், நிறம் நிலையாக இருக்கும். இளைப்பாறும் முகத்துக்கு அந்த வேகம் போதும். எனக்குப் பிடித்த பல படங்கள் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தவை. மிரர்லெஸ் வாங்கியவர்கள் சத்தமில்லை என்று எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் இதே துடிப்பு படம் முழுக்க வரிவரியாக விழும், அங்கே மெக்கானிக்கல்தான் பத்திரம்.

அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன். மேனுவல் மோடு. 1/500, எஃப் 2, ஐஎஸ்ஓ 3200. ரிங்கில் முதல் ஜோடி ஏறியதும் முகத்தை எடுத்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றுங்கள், ஷட்டரைக் குறைக்காதீர்கள். நாய்ஸ் உள்ள படத்தைக் கணினியில் மீட்கலாம், அசைந்த படத்தை எந்த மென்பொருளும் மீட்காது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றுவது இன்னும் மோசம், மணல் தூவியது போல வரும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கம் ஐஎஸ்ஓ 6400 படங்களை வியப்பாகத் துடைத்துத் தருகிறது, அதற்கு ரா கோப்பு வேண்டும். ரா எடுத்தால் 1500டி பத்துச் சொச்சம் படத்தில் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றாக அடிக்கிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல், ரிங் விளக்கில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அதைக்கொண்டு அமைத்துவிடுங்கள். நீலத் தரை பாதி, சிவப்பு பனியன் பாதி என்று மாறிக்கொண்டிருந்தால் ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் சொல்லும்.

கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உள்ள லென்ஸுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், எதிரில் பாய்கிறவரின் கையை நிறுத்தாது. கைபேசியும் இங்கே உதவாது. இரவில் கோபுரத்தையும் கார்த்திகை விளக்கையும் அது அழகாக எடுப்பது, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால். குத்து அடுக்குக்கு நிற்காது.

மிச்சப் பணத்தில் ஒரு கூடுதல் பேட்டரியும் நல்ல மெமரி கார்டும் வாங்குங்கள். மாவட்டப் போட்டி காலை பத்து மணி என்று அறிவித்துவிட்டு மாலை ஏழு வரை ஓடும், உங்கள் பெண்ணின் பெயரைக் கூப்பிடும்போது பேட்டரி சிவப்பில் இருக்கும். மற்றப் பிள்ளைகளின் படத்தை வலைத்தளத்தில் போடுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விழுந்து கிடக்கும் பிள்ளையின் படத்தை, அது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

முதலில் 50-ஐ மட்டும் வாங்கிப் பயிற்சிக்கூடத்தில் ஒரு மாதம் பழகுங்கள். போட்டியில் உங்களை எங்கே நிற்க விடுகிறார்கள் என்று ஒரு முறை பார்த்த பிறகு 85-ஐத் தேடலாம். எப்போதும் ரிங் ஓரம் கிடைக்கிறது என்றால் 85-க்குப் பதிலாக 35 எஃப் 2 உங்களுக்குப் பொருந்தும். அந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. பழைய 18-55-ஐ மட்டும் விற்றுவிடாதீர்கள். பரிசளிப்பின்போது எல்லா விளக்கும் எரியும், யாரும் அசைய மாட்டார்கள், மேடையில் இருபது பேர் நிற்பார்கள். அதற்கு அந்த லென்ஸ்தான் வேண்டும்.